‘நாம்’ போய் ‘நாங்கள்’ வந்த கதை

2015 செப்டம்பரில் மூணாறுக்குக் குளிர் காய வந்த சுற்றுலாப் பயணிகள் தேயிலைத் தோட்டங்களைப் பார்க்கவில்லை. தோட்டங்களில் வேலை செய்கிற பெண்களைப் பார்த்தார்கள். கொச்சி-தனுஷ்கோடி நெடுஞ்சாலையை அடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள் அவர்கள். தலையில் துண்டு, காலில் ரப்பர் செருப்பு, வாய் ஓயாத கோஷம். கையில் எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. சமாதானம் பேச வந்த யூனியன் தலைவர்கள் விரட்டப்பட்டார்கள். கடைத் திண்ணைகளிலும் சாலை ஓரங்களிலும் ஆண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஒதுங்கி நிற்கச் சொன்னதும் பெண்கள்தான். ஆண்கள் நடுவில் வந்தால் கைகலப்பு வரும், கைகலப்பு வந்தால் போலீஸ் வரும் என்ற கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிரச்சினை போனஸ். முந்தைய ஆண்டு 19 சதவீதம் கிடைத்திருந்தது. அந்த ஆண்டு 10 சதவீதம்தான் என்றது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம். ஒரு பெண் நாள் முழுக்க மலைச்சரிவில் நின்று 21 கிலோ கொழுந்து எடுத்தால் அன்றைக்குக் கூலி 232 ரூபாய். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2005இல் டாடா டீ நிறுவனம் தோட்டங்களை நேரடியாக நடத்துவதிலிருந்து விலகிக்கொண்டபோது உருவான இந்தக் கம்பெனியில் தொழிலாளர்களும் பங்குதாரர்கள். அதாவது சாலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் காகிதத்தில் முதலாளிகள். யூனியன்கள் இருந்தன, ஒன்றல்ல, மூன்று: சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலைவர்கள் எல்லாம் ஆண்கள். ஒன்பது நாள் போராட்டத்துக்குப் பின் 8.33 சதவீதம் போனஸும் 11.67 சதவீதம் கருணைத் தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. அடுத்த மாதம் கூலி 301 ரூபாயாக உயர்ந்தது. கேட்டது 500.

இதெல்லாம் பத்திரிகைகளில் வந்த செய்திதான். தொழிலாளர் பிரச்சினையாகவும் யூனியன்களின் தோல்வியாகவும் அலசி எழுதினார்கள். தலித் தமிழ்ப் பெண்களின் எழுச்சி என்றும் எழுதினார்கள். எல்லாம் சரி. ஆனால் அதிகம் கேட்கப்படாத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. சின்ன வயதிலிருந்து ‘எனக்கு வேண்டும்’ என்று வாய்விட்டுக் கேட்டே பழக்கமில்லாத பெண்கள், வீட்டில் மீன் துண்டுகூடக் கடைசியில் எடுத்துக்கொள்கிற பெண்கள், ஒரு நாள் காலையில் எப்படி நெடுஞ்சாலையை மறித்தார்கள்? அதைவிட முக்கியமாக, சாலையில் கிடைத்த அந்தக் குரல் சாயங்காலம் வீட்டுக்குள் கூடவே வந்ததா?

மனவியல் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. முதல் பக்கத்தில் மர்ரே போவன் என்கிற அமெரிக்க மனநல மருத்துவர். 1950களில் நோயாளியை மட்டுமில்லாமல் அவருடைய குடும்பத்தையே ஆஸ்பத்திரியில் குடிவைத்து அவர் கவனித்தார். தாயின் பதற்றம் மகளுக்கும் மகளின் பதற்றம் தாய்க்கும் தாவுவதைக் கண்டார். எங்கே ஒருவர் முடிந்து இன்னொருவர் தொடங்குகிறார் என்று சொல்ல முடியாத அளவுக்குச் சில குடும்பங்கள் ஒட்டிக்கிடந்தன. உறவை முறிக்காமலே, ‘இது என் எண்ணம், அது உன் எண்ணம்’ என்று அறிந்து நிற்கிற திறனுக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொல்வது கொஞ்சம் சங்கடம். ‘பிரிநிலை’ என்றால் தமிழ்க் காதுக்கு விவாகரத்துவரை கேட்கும். ‘தனித்தன்மை’ என்றால் சினிமா நட்சத்திரத்தின் பேட்டி மாதிரி ஆகிவிடும். ‘தன்னிலை’ என்பது பரவாயில்லை. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூன்று இடம் இருப்பதுபோல் உறவிலும் தனக்கென்று ஓர் இடம்.

போவன் வற்புறுத்திச் சொன்ன ஒரு விஷயத்தை அவரைப் பின்பற்றுகிறவர்களே பல நேரம் மறந்துவிடுகிறார்கள். கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போவதும், பத்து வருஷம் அண்ணனோடு பேசாமல் இருப்பதும் தன்னிலை ஆகாது. ஒட்டிக்கிடப்பதும் வெட்டிக்கொள்வதும் அவர் கணக்கில் ஒரே நோயின் இரண்டு முகங்கள். ஒட்டியவருக்கும் வெட்டியவருக்கும் அந்த உறவின் பிடி ஒன்றுதான்.

இன்னொரு பக்கத்தில் நியூயார்க்கைச் சேர்ந்த மனவியலாளர் ஜெஃப்ரி யங். சிறுவயதில் ஒரு பிள்ளைக்குத் தேவையானது கிடைக்காதபோது மனசில் ஒரு வார்ப்பு விழுந்துவிடுகிறது, பிறகு வாழ்நாள் முழுக்க எல்லா அனுபவத்தையும் அந்த வார்ப்பிலேயே ஊற்றிக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. ஸ்கீமா என்பார்கள். பதினெட்டு வகை சொல்லியிருக்கிறார். ‘என்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்’ என்பது ஒன்று. ‘எனக்குத் தனியாக எதுவும் முடியாது’ என்பது ஒன்று. இந்தக் கதைக்கு வேண்டியவை இரண்டு. எதிர்த்தால் அடி விழும், அல்லது கைவிடுவார்கள் என்ற பயத்தில் அடங்கிப்போவது முதலாவது. யாரும் மிரட்டாமலே, பிறர் வாடுவதைப் பார்த்தால் வருகிற குற்ற உணர்ச்சியில் தன் பங்கை எடுத்துக் கொடுத்துவிடுவது இரண்டாவது. வெளியே பார்த்தால் இரண்டு பெண்களும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். உள்ளே ஒருத்தியிடம் பயம், இன்னொருத்தியிடம் குற்ற உணர்ச்சி.

போவனின் கருத்தை அளக்க 1998இல் அமெரிக்காவில் ஸ்கவ்ரன், ஃப்ரீட்லாண்டர் என்ற இரண்டு பெண்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். யங்கின் வார்ப்புகளை அளக்கவும் கேள்வித்தாள் உண்டு. இரண்டையும் மணமான பெண்களிடம் கொடுத்து ஒப்பிடுகிற ஆராய்ச்சிகள், குறிப்பாக ஈரானில், வந்துகொண்டேயிருக்கின்றன. முடிவு பெரும்பாலும் எதிர்பார்க்கக் கூடியதுதான்: வார்ப்புகள் எவ்வளவு ஆழமோ, தன்னிலை அவ்வளவு குறைவு. பிறந்த வீட்டில் விழுந்த வார்ப்பு புகுந்த வீட்டில் பேசுகிறது.

இதை மூணாறுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். எந்த லயத்திலும் காணக் கூடியவள், பலர் சேர்ந்த ஓர் உருவம். அவளுடைய பாட்டனை, அல்லது பாட்டனின் அப்பனை, திருநெல்வேலிப் பக்கமிருந்து ஒரு கங்காணி முன்பணம் கொடுத்து மலையேற்றினான். அவள் பிறந்தது லயத்தில். ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு தாழ்வாரம், சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். மூத்த பெண். அம்மா மஸ்டருக்குப் போய்விடுவாள். ஒன்பது வயதில் இடுப்பில் தம்பி, அடுப்பில் கஞ்சி. தம்பி விழுந்தால் அடி இவளுக்கு. பள்ளிக்கூடம் தமிழ் மீடியம், வெளியே உத்தியோகமெல்லாம் மலையாளம். பத்தாவதோடு நின்றாள். பக்கத்து டிவிஷனில் கட்டிக்கொடுத்தார்கள். காலை நாலரைக்கு எழுந்தால் இரவு பத்துக்குத்தான் முதுகு சாயும். அவளிடம் கேள்வித்தாளை நீட்டினால், பிறர் தேவையை முன்னால் வைப்பவள் என்ற கட்டத்தில் தயங்காமல் கோடு போடுவாள். கொஞ்சம் பெருமையாகக்கூட.

ஆராய்ச்சியாளர் கூட்டிப் பார்த்து ‘தியாக வார்ப்பு அதிகம், தன்னிலை குறைவு’ என்று எழுதிக்கொண்டு போவார். தப்பில்லை. ஆனால் இந்த வார்ப்பை விட்டது யார்? யங் சொல்வதுபோல் தாயும் தகப்பனும் மட்டும்தானா?

இங்கேதான் தோட்டத்துக்கே உரிய ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி தொழிலாளிக்கு வீடு கொடுப்பது கம்பெனியின் கடமை என்று ஆனது. நல்ல சட்டம். ஆனால் அந்த வீடு வேலையோடு ஒட்டியது. குடும்பத்தில் யாராவது ஒருவர் பெயர் தோட்டத்து ரெஜிஸ்தரில் இருக்கும்வரைதான் கூரை. ஓய்வு வயது வந்தால் பிள்ளைகளில் ஒருவர் வேலைக்கு இறங்க வேண்டும், இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மலையிறங்க வேண்டும். வீட்டை ஒப்படைத்தால்தான் பணிக்கொடை என்ற நிலையும் பல தோட்டங்களில் உண்டு. மலையிறங்கி எங்கே போவது? பாட்டன் விட்டு வந்த ஊரில் நிலம் கிடையாது. கேரளத்திலும் கிடையாது. சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால் 1950க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததா என்று ஆதாரம் கேட்பார்கள்.

ஆகவே இந்த வீட்டில் ஒருவர் ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று சொல்வது அவர் சொந்த விஷயமே இல்லை. மகள் கொழுந்தெடுக்க மறுத்தால் அம்மாவுக்குக் கூரை போகும். மருமகள் உடம்பு முடியாமல் பேரை வெட்டினால் மாமியார் சாமான்களைக் கட்ட வேண்டும். போவன் அமெரிக்க ஆஸ்பத்திரியில் கண்ட ஒட்டுதல் பதற்றத்தால் வந்தது. மூணாறில் உள்ள ஒட்டுதலுக்கு ரெஜிஸ்தர் இருக்கிறது. பத்து வயதுப் பெண்ணுக்கு ‘உன் ஆசை கடைசியில்’ என்று கற்றுக்கொடுப்பது கோபக்காரத் தாயல்ல, அந்தத் தாய்க்கும் அதைக் கற்றுக்கொடுத்த வீட்டு ஏற்பாடு. இதை மனக்கோளாறு என்று மட்டும் சொல்லிவிட்டால் கம்பெனிக்கும் அரசாங்கத்துக்கும் ரொம்ப வசதி. மருத்துவரிடம் அனுப்பிவிடலாம், பட்டா கொடுக்க வேண்டாம்.

அதற்காக மனசில் ஒன்றுமே இல்லை என்று சொல்வதும் பொய். கூரையைக் காப்பாற்ற அடங்கிப்போகக் கற்றவள், கூரைக்கும் சம்பந்தமில்லாத இடத்திலும் அடங்கிப்போகிறாள். பஸ்ஸில் ஸீட் இருந்தும் நிற்கிறாள். மகன் அதட்டினால் பதில் பேசுவதில்லை. காய்ச்சல் என்று சொல்ல மூன்று நாள் ஆகிறது. காரணம் வெளியிலிருந்து வந்திருந்தாலும் வார்ப்பு உள்ளே உட்கார்ந்துவிட்டது. கூலி உயர்ந்த மறுநாள் அது எழுந்து போய்விடாது.

இந்தியக் குடும்பத்துக்கு மேனாட்டு அளவுகோல் பொருந்துமா என்ற சந்தேகம் புதிதல்ல. சுதிர் காகர் 1978இல் எழுதிய ‘தி இன்னர் வேர்ல்ட்’ புத்தகத்திலேயே அது இருக்கிறது. தாயின் பரிவில் வளரும் பெண் வயசுக்கு வரும் பருவத்தில் சேவைக்கும் தன் மறுப்புக்கும் பழக்கப்படுத்தப்படுவதை அவர் விவரிக்கிறார். ஆலன் ரோலண்ட் 1988இல் இந்தியாவையும் ஜப்பானையும் வைத்து எழுதும்போது இந்தியரிடம் இருப்பது ‘நான்’ என்பதைவிட ‘நாம்’ என்ற சுயம் என்றார். கேட்க இதமாக இருக்கிறது. ஆனால் இந்த ‘நாம்’ யாருக்கு எவ்வளவு செலவு வைக்கிறது என்று கூட்டினால் கணக்கு பெண்கள் பக்கம் சாய்கிறது. ‘நாம் ஒரு குடும்பம்’ என்று சொல்லப்படும்போதெல்லாம் யாரோ ஒருத்தி எழுந்து அடுப்படிக்குப் போகிறாள்.

ரோலண்டுக்கு ஆங்கிலத்தில் கிடைக்காத ஒரு சௌகரியம் தமிழுக்கு இருக்கிறது. மலையாளத்துக்கும்தான். ஆங்கிலத்துக்கு ‘நாம்’, ‘நாங்கள்’ எல்லாம் ஒரே சொல். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே. ‘நாங்கள்’ என்றால் கேட்கிறவர் வெளியே. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இலக்கணம். மூணாறில் யூனியன் மேடைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒலித்தது ‘நாம்’. தொழிலாளர் நாம், தோழர்கள் நாம். 2015இல் பெண்கள் போட்ட கோஷங்களின் கட்டமைப்பே வேறு. கூடை சுமப்பது நாங்கள், லாபம் சுமப்பது நீங்கள். லயத்தில் கிடப்பது நாங்கள், பங்களாவில் இருப்பது நீங்கள். வரிக்கு வரி ஒரு நாங்கள், ஒரு நீங்கள். போவன் கேட்டிருந்தால் நோட்டுப் புத்தகத்தை எடுத்திருப்பார். எல்லை வரைவது என்று அவர் சொன்னதைத்தான் அவர்கள் பன்மையில் செய்துகொண்டிருந்தார்கள்.

இயக்கத்துக்குக் கிடைத்த பெயர் ‘பெம்பிளை ஒருமை’. மலையாளத்தில் ஒருமை என்றால் ஒற்றுமை. தமிழ் இலக்கணம் படித்தவருக்கோ ஒருமை என்றால் பன்மைக்கு எதிர்ப்பதம். ஒருத்தி. பெயர் வைத்தவர்கள் இதை நினைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பெயரில் இரண்டும் இருக்கிறது.

மேனாட்டுப் புத்தகங்களில் தன்னிலை தனி ஆளிடம் தொடங்குகிறது. ஒருத்தி முதலில் வீட்டில் ‘நான்’ என்று சொல்லப் பழகுகிறாள், பிறகு வெளியே போகிறாள். மலையோரத்தில் வரிசை மாறியிருக்கிறது. தனியாக ‘நான்’ என்று சொல்ல முடியாதவர்கள் முதலில் கூட்டமாக ‘நாங்கள்’ என்று சொன்னார்கள். பயம் அதிகமான இடத்தில் இதுதான் நடக்கும் போலிருக்கிறது. ஒருத்தி மறுத்தால் அடங்காதவள். ஆயிரம் பேர் மறுத்தால் பேச்சுவார்த்தை.

இது மூணாறின் விசேஷம் மட்டுமல்ல. இதே எல்லைக்கோட்டில் வடக்கே, மலையிறங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க்குள் வந்தால் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று பொள்ளாச்சிக்கு ஒட்டிய ஊர்கள். தமிழ் பேசி மலையாளத்தில் மனு எழுதுகிற ஜனங்கள். பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடா என்ற சின்னக் குடியிருப்பு. 2000ஆம் ஆண்டில் இங்கே கோக்க கோலா பாட்டில் தொழிற்சாலை வந்தது. கொஞ்ச நாளில் கிணற்றுத் தண்ணீர் கெட்டது. முதலில் கண்டுபிடித்தது விஞ்ஞானிகளல்ல, சமைக்கிற பெண்கள். குளித்தால் கண் எரிந்தது, குடித்தால் வயிறு கெட்டது. எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த, பள்ளிக்கூடம் போகாத மயிலம்மா இதை வெளியே பேசத் தொடங்கினார். 2002 ஏப்ரல் 22ஆம் தேதி தொழிற்சாலை வாசலுக்கு எதிரே போட்ட பந்தலில் நாள் தவறாமல் பெண்கள் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

மயிலம்மாவின் வாழ்க்கை அவர் சொல்லச் சொல்ல ஜோதிபாய் பரியாடத்து எழுதி மலையாளத்தில் புத்தகமாக வந்தது. 2007 ஜனவரியில் அவர் இறந்துபோனார். மூணாறோடு சேர்த்துப் பார்க்கும்போது அவருடைய கதையில் கவனிக்க வேண்டியது ஒன்று. வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பது பெண்ணின் வேலை என்பதை அவர் மறுக்கவில்லை. அந்த வேலையின் பெயராலேயே வெளியே வந்தார். குடத்தோடு வந்தார் என்று சொல்லலாம். யங்கின் பட்டியலில் தியாக வார்ப்பு ஒரு கோளாறு. பிளாச்சிமடாவில் பிள்ளைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும் என்ற அதே தியாகம்தான் ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் வாசலில் கொண்டுவந்து உட்காரவைத்தது. மூணாறிலும் அப்படியே. பெண்கள் பத்திரிகைக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னது பிள்ளைகளின் படிப்பு, பிள்ளைகளின் ஃபீஸ். தனக்காகக் கேட்க வெட்கப்பட்டவர்கள் பிள்ளைக்காகக் கேட்கும்போது வெட்கத்தை விட்டார்கள். வார்ப்பை உடைத்து வெளியே வரவில்லை, அதன் மேலேயே ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். அது போதுமா என்பது வேறு கேள்வி. பிள்ளைக்கு என்று கேட்பவள் என்றைக்காவது எனக்கு என்று கேட்க வேண்டாமா?

அந்தக் கேள்வி வீட்டுக்குள்தான் தீர வேண்டும். மேலே சொன்ன லயத்துப் பெண்ணிடமே திரும்பலாம். போனஸ் கைக்கு வந்துவிட்டது. மகள் நர்சிங் சேர வேண்டும். போடியில் இருக்கிற அண்ணன் போன் பண்ணுகிறான்: மூத்த மகளுக்குக் கல்யாணம், தாய்மாமன் வீட்டுச் சீர்போல் அத்தை வீட்டிலிருந்தும் ஏதாவது கனமாக எதிர்பார்க்கிறார்கள். இதுவரை இப்படிப்பட்ட போனுக்கு இரண்டு பதில்தான் உண்டு. ஒன்று, ‘சரிண்ணே’ என்று சொல்லிவிட்டு வட்டிக்கு வாங்குவது. இல்லையென்றால் பழைய மனஸ்தாபம் ஒன்றைக் கிளறிச் சண்டை போட்டு, கல்யாணத்துக்கே போகாமல் இருந்துவிடுவது. இரண்டாவதைச் செய்தவர்களும் நிறைய. பணம் இல்லை என்று சொல்வதைவிடக் கோபம் என்று சொல்வது கௌரவம்.

மூன்றாவதாக ஒரு பதில் இருக்கிறது. “அண்ணே, இந்த வருசம் பணம் என்னால ஆகாது. புள்ளைய நர்சிங்ல சேக்கணும். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி, நான் மூணு நாள் முன்னாடியே வந்துருவேன். அடுப்படி என் பொறுப்பு.” 

இந்த நான்கு வாக்கியத்தில் போவனின் கொள்கை முழுக்க இருக்கிறது. முடியாது என்பதும் இருக்கிறது, வருவேன் என்பதும் இருக்கிறது. அண்ணனின் கோபம் அண்ணனுடையது, அதைச் சரிக்கட்ட இவள் கடன் வாங்க வேண்டியதில்லை. அந்தக் கோபத்துக்குப் பயந்து ஓடவும் வேண்டியதில்லை. சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு கை நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது. வார்ப்பு ஒரு நாளில் விடுவதில்லை என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் பேச்சு வந்துவிட்டது. நெடுஞ்சாலையில் ஒன்பது நாள் உட்கார்ந்தவளுக்கு இந்தப் பேச்சு கொஞ்சம் சுலபமாக வரும் என்று எதிர்பார்ப்பதில் நியாயமிருக்கிறது. நிச்சயமில்லை. சாலையில் யூனியன் தலைவரை விரட்டிவிட்டு வீட்டில் மாமியாரிடம் காப்பிப் பொடி டப்பாவுக்கு அனுமதி கேட்கிற பெண்கள் இருக்கவே செய்வார்கள்.

போவனின் கருத்தை எளிய பெண்களுக்கு எடுத்துச் சொன்னவர் ஹாரியட் லெர்னர். 1985இல் வந்த அவருடைய ‘தி டான்ஸ் ஆஃப் ஆங்கர்’ உலகமெங்கும் விற்றது. அவர் தரும் எச்சரிக்கை ஒன்று: ஒரு பெண் மாறத் தொடங்கியதும் சுற்றியிருப்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், ‘பழையபடி ஆகிவிடு’ என்று ஏதாவதொரு வழியில் சொல்வார்கள். அன்பால், உடல்நிலை சரியில்லாமல் போய், ஏச்சால், ஒழுக்கத்தைப் பற்றிய கிசுகிசுப்பால்.

குடும்பத்துக்குச் சொன்னது மூணாறு அரசியலுக்கும் அச்சாகப் பொருந்தியது. 2015 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் பெம்பிளை ஒருமை பெண்களை நிறுத்தியது. கோமதி அகஸ்டின் தேவிகுளம் பிளாக் பஞ்சாயத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் முன்னணியில் நின்ற கோமதிக்கும் லிஸி சன்னிக்கும் இடையே விரிசல் விழுந்தது. கட்சிகள் இழுத்தன, யூனியன்கள் பழைய உறுப்பினர்களை மெதுவாகத் திரும்ப அழைத்துக்கொண்டன. 2017 ஏப்ரலில் கேரள மின்துறை அமைச்சராக இருந்த எம்.எம். மணி அந்தப் போராட்டத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசியது பெண்களின் நடத்தையைக் கொச்சைப்படுத்துவதாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெண்களை இழிவுபடுத்தவில்லை என்று அவர் விளக்கம் சொன்னார். கோமதியும் மற்றவர்களும் மூணாறு சாலையோரத்தில் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை கூட்டம் சிறியது. நடத்தையைப் பற்றிய பேச்சு வந்தவுடன் எத்தனை வீடுகளில் ‘உனக்கெதுக்கு வம்பு’ என்று சொல்லப்பட்டிருக்கும் என்பதைச் சுலபமாக ஊகிக்கலாம். லெர்னரின் பட்டியலில் கிசுகிசுப்புக்குத்தான் பலம் அதிகம்.

இதை வைத்து இயக்கம் தோற்றது என்று எழுதியவர்கள் உண்டு. அமைப்பாகப் பார்த்தால் சரியாக இருக்கலாம். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு ஒருத்தி என்ன செய்கிறாள் என்பதை அமைப்பின் கணக்குப் புத்தகத்தில் பார்க்க முடியாது.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி ராத்திரி ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து வந்து லயங்களை மூடியது. கண்ணன் தேவன் கம்பெனியின் தொழிலாளர் குடியிருப்பு. எழுபது பேர் போனார்கள், ஏறக்குறைய எல்லோரும் தமிழர்கள். பல குடும்பங்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. ஒரு வாரம் கழித்து முதலமைச்சர் பினராயி விஜயன் வந்தார். அவருடைய வாகனத்தை மறித்தார் ஒரு பெண். கோமதி. தொழிலாளர்களுக்குச் சொந்த நிலமும் வீடும் வேண்டும் என்றார். போலீசார் அவரை அப்புறப்படுத்தினார்கள். 2015இல் அவரைச் சுற்றி இருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அன்றைக்கு அங்கே இல்லை.

உயிர் தப்பிய குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியாறு பகுதியில் அரசு கொடுத்த நிலத்தில் வீடு கட்டிக்கொடுக்கப்பட்டது. அந்த எட்டு வீடுகளில் ஒருத்திக்கு ஓய்வு வயது வந்தாலும் சாவியை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. மகள் தோட்ட வேலைக்குப் போகமாட்டேன் என்று சொன்னால் அது மகளுடைய பேச்சு மட்டுமே, அம்மாவின் கூரை அதில் சம்பந்தப்படாது. மற்ற லயங்களில் ரெஜிஸ்தர் பழையபடி இருக்கிறது. காலையில் மஸ்டருக்குப் பேர் கூப்பிடுகிறார்கள்.